மாட்டு வண்டியை முந்தாத பைக்

பைக் ஒருபோதும் மாட்டு வண்டியை முந்தாது. ஒரு தேர்வுக் கேள்விக்கு எங்கள் அலுவலகம் அச்சிட்ட விடை அதுதான். சித்தூர் பஸ் நிலையத்துக்கு வெளியே கால் மணி நேரம் நின்றால் போதும், இது பொய் என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஆனாலும் அந்த விடை எங்கள் கிளைகள் அனைத்துக்கும் போனது. அதைக் குறித்தவர்களுக்கு நான்கு மதிப்பெண் கிடைத்தது. வேறு விடை குறித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் குறைந்தது. கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். தணியவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

நான் பி.டெக் முடித்து, அது போதாமல் கணிதத்தில் எம்.எஸ்சி படித்தவள். திருப்பதியில், இன்டர் காலேஜ், அதாவது பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பு, நடத்தி நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் தரும் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் வேலை. நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் கேள்வியை எங்கள் பக்கம் பிட் என்பார்கள். சரியான விடைகளின் பட்டியலைக் கீ என்பார்கள். பிட்டையும் கீயையும் சரிபார்ப்பது என் வேலை. ஞாயிறு காலை தேர்வு, மாலை கீ, திங்கள் காலை தரவரிசை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தரவரிசையை வைத்து மாணவர்களைப் பழைய செக்ஷன்களிலிருந்து கலைத்துப் புதிதாக அடுக்குவார்கள். முதல் செக்ஷனில் நல்ல ஆசிரியர்கள். மூன்றாம் செக்ஷனில் இரவு எட்டு மணி வரை கட்டாயப் படிப்பு.

அந்தத் தவறு எப்படி என் கண்ணில் படாமல் போனது என்று கேட்பீர்கள். படவே வழியில்லை. எங்கள் கணிதப் பிரிவின் தலைவர் எழுதும் பிட்டுகளை யாரும் சரிபார்ப்பதில்லை. அவை நேராக அச்சுக்குப் போகும். இது எழுதப்பட்ட விதி அல்ல. மரியாதை. நான் சேர்ந்த முதல் வாரத்தில் அவருடைய ஒரு பிட்டைத் திறந்து பார்த்தபோது, பக்கத்து மேசையில் தட்டச்சு செய்யும் அக்கா என் கையைத் தொட்டு, "அது சாரோடது" என்றார்.

இனி அந்தக் கேள்வி. ஒரு மாட்டு வண்டி விநாடிக்கு ஒரு மீட்டர் போகிறது. அதற்கு நூறு மீட்டர் பின்னால் ஒரு பைக், விநாடிக்குப் பத்து மீட்டர். பைக் அந்த நூறு மீட்டரைக் கடப்பதற்குள் வண்டி பத்து மீட்டர் முன்னால் போயிருக்கும். அந்தப் பத்தைக் கடப்பதற்குள் இன்னும் ஒரு மீட்டர். அந்த ஒன்றைக் கடப்பதற்குள் பத்தில் ஒரு பங்கு. இப்படிக் கட்டங்களுக்கு முடிவே இல்லை. ஆகவே பைக், (அ) ஒருபோதும் முந்தாது. (ஆ) ஆயிரத்தை ஒன்பதால் வகுத்தால் வரும் தூரத்தில் வண்டியை எட்டி, பிறகு முந்தும். (இ) நூற்றுப் பதினோரு மீட்டரில் முந்தும். (ஈ) சொல்ல முடியாது.

இது பழைய புதிர். கிரேக்க நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு, ஓட்டக்காரரையும் ஆமையையும் வைத்து ஒருவர் கேட்டார். கேட்டவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஓட்டக்காரர் முந்துவார் என்பது அவருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரிவதை அறிவால் நியாயப்படுத்த முடியவில்லையே என்பதுதான் அவர் கேள்வி. அதற்குச் சரியான பதில் சொல்லும் கருவி அப்போது யாரிடமும் இல்லை. என் கோபம் அவர் மேல் இல்லை. கருவி கைக்கு வந்து இத்தனை காலம் ஆன பிறகும், அதைக் கற்பிக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அதைத் தொடாதவர்கள் மேல்.

கருவி இதுதான். முதல் கட்டத்துக்குப் பத்து விநாடி ஆகிறது. அடுத்ததற்கு ஒரு விநாடி. அடுத்ததற்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கட்டங்கள் முடிவில்லாதவை, உண்மை. ஆனால் அவை எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கூட்டினால் பதினோரு விநாடியும் ஒரு விநாடியில் ஒன்பதில் ஒரு பங்கும்தான். "முடிவில்லாமல் கூட்டினால்" என்பதற்கு என்ன பொருள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெளிவாக வரையறுத்தார்கள். எவ்வளவு சிறிய இடைவெளியை நீங்கள் கேட்டாலும், ஏதோ ஒரு கட்டத்துக்குப் பிறகு கூட்டிவரும் தொகைகள் எல்லாம் ஓர் எண்ணிலிருந்து அந்த இடைவெளிக்குள்ளேயே தங்கிவிட்டால், அந்த எண்தான் கூட்டுத்தொகை. அந்த எண்ணை எல்லை என்கிறோம். எல்லை எங்கும் நகர்ந்து போய்க்கொண்டிருக்கும் பொருள் அல்ல. அது ஓர் எண், ஒன்பதைப் போல, ஐந்தைப் போல. பன்னிரண்டாவது விநாடியில் பைக் வண்டிக்கு முன்னால் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஒரு பீரியடில் சொல்லிவிடலாம்.

திங்கள் காலையில் சித்தூர்க் கிளையிலிருந்து ஒரு விரிவுரையாளர் எனக்கு வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். ஒரு மாணவியின் கேள்வித்தாளில் ஓரமாகப் போட்ட கணக்கு. நூறு, பத்து, ஒன்று என்று வரிசையாக எழுதி, கூட்டி, ஆயிரத்தின் கீழ் ஒன்பது என்று முடித்து வட்டமிட்டிருந்தாள். பக்கத்தில் தமிழில் ஒரு வரி: "வண்டியும் நிக்கல, பைக்கும் நிக்கல, நேரம் மட்டும் ஏன் நிக்கணும்?" படத்தின் கீழே விரிவுரையாளர், "மேடம், இந்தப் பெண் முதல் செக்ஷனிலிருந்து மூன்றாவதுக்குப் போகிறாள். இந்த ஒரு பிட்டால்தான்" என்று எழுதியிருந்தார்.

நான் அதை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனேன். அவர் புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். நாலு பேர் முன்னால் தெலுங்கு பேசுவார். தனியாக இருந்தால் என்னிடம் தமிழ்.

"சார், மாட்டு வண்டி பிட்ல கீ தப்பா இருக்கு. ஆ தான் வரணும்."

அவர் படத்தைப் பார்க்கவில்லை. "ஏம்மா, இன்ஃபினிட்டி ஸ்டெப்பு கீது. அது எப்படிம்மா முடியும்? கிட்ட போய்க்கினே இருக்கும், சேராது. முப்பது வருஷமா இதான் சொல்லிக்கினு வரேன். பசங்க ரேங்க் எடுக்கலயா?"

கிட்டப் போய்க்கொண்டே இருக்கும், சேராது. அவருடைய புகழ்பெற்ற குறுக்குவழிகளில் அது ஒன்று. எங்கள் கிளைகளில் எல்லாச் சுவர்களிலும் தெலுங்கில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எல்லையைப் பற்றிய கணக்குகளில் பிள்ளைகள் சீக்கிரம் விடை எழுத அது உதவுகிறது. எல்லை என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் கடைசிவரை தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அதுவே உதவுகிறது.

"சார், நீங்க இன்னிக்கு ஆபீசுக்கு எதுல வந்தீங்க?"

"பைக்ல."

"வழியில எதையும் முந்தலயா?"

"அது பிராக்டிகலும்மா. இது தியரி."

"தியரிலயும் முந்துது சார். நான் போர்டுல போட்டுக் காட்டறேன்."

"நீ எம்.எஸ்சி, ஒத்துக்கறேன்" என்று சிரித்தார். "எக்ஸாம்ல எம்.எஸ்சி கேக்க மாட்டாங்க." பிறகு ஏதோ பெரிய மனது பண்ணுவதைப் போலச் சொன்னார்: "ரொம்பப் பேரு கேட்டா சொல்லு, போனஸ் குடுத்துடலாம்."

போனஸ் என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் என்னைக் கொதிக்க வைத்தது கீ கூட இல்லை, இதுதான். ஒரு பிட்டில் தவறு என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தால், எங்கள் அலுவலகம் சரியான விடையைச் சொல்லாது. எல்லோருக்கும் நான்கு மதிப்பெண் கொடுத்துவிடும். சரியாக எழுதியவருக்கும் நான்கு, தவறாக எழுதியவருக்கும் நான்கு, தூங்கிவிட்டவருக்கும் நான்கு. யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். கேள்வி ஒன்று கேட்கப்பட்டது, அதற்கு ஒரு விடை உண்டு என்பதே மறந்துபோகும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அ குறித்தவர்களிடம் அவர்களுடைய நான்கு அப்படியே இருக்கும் என்பதால், போனஸ் கொடுத்தாலும் அந்தப் பெண் முதல் செக்ஷனுக்கு இரண்டு மதிப்பெண் குறைவாகத்தான் இருப்பாள். கீயைத் திருத்தினால் மட்டுமே மேலே வருவாள்.

என் வீடு சித்தூரில். தினமும் பாகாலா வழியாகப் போகும் ரயிலில் வருகிறவள் நான். அன்று மாலை இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் கிளைக்குப் போனேன். கிளையின் பொறுப்பாளர் நல்ல மனிதர், தெலுங்குக்காரர். எனக்காகத் தமிழில் பேச முயன்றார்.

"மேடம், நீங்க சொல்றது ஹண்ட்ரட் பர்சன்ட் கரெக்ட். எனக்கும் தெரியும். ஆனா கீ திருப்பதியிலிருந்து வருது. நான் இன்னா செய்யறது?"

"திருப்பதியில யாரைக் கேட்கணும்?"

"மேத்ஸ்ல கீ செக் பண்றது யாரு?" என்று கணினியில் தேடிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கதான் மேடம்."

அந்தப் பெண் வெளியே வராந்தாவில் இருந்தாள். அவளைக் கூட்டிப்போக அவள் அப்பா வந்திருந்தார். அவர்கள் ஊர் குடிபாலாவிலிருந்து உள்ளே தள்ளி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு கிராமம். கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துப் பயிரிடுகிறார், மற்ற நாளில் கூலிக்குப் போகிறார். நான் தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் எழுந்து நின்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"உக்காருங்கண்ணா."

"பரவால்லம்மா. மார்க்கு தப்பா போட்டுட்டாங்கன்னு இவ நேத்துல இருந்து சோறு துன்ன மாட்டேங்குறா. தப்புன்னா திருத்திடுவாங்க இல்ல?"

பார்க்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. மெதுவாக விளக்கினார். மூன்றாம் செக்ஷன் என்றால் எட்டு மணி ஆகும். அவர்கள் ஊருக்குப் போகும் கடைசி பஸ் ஆறரைக்கு. "ஹாஸ்டல்ல சேத்துடுங்கன்னு சொல்றாரு சாரு. அது முடியாதும்மா. இவங்கம்மா இல்ல. சின்னது ஒண்ணு கீது, ஒண்ணாவது படிக்கிது. நா வேலைக்குப் போய்ட்டா சாயங்காலம் அத்த யாரு பாக்கிறது? முடியலன்னா நிறுத்திட வேண்டிதான்."

பெண் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து, "மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"கேளு."

"அந்தக் கீ சரின்னா, நா காலைல வீட்ல இருந்து காலேஜுக்கு வந்து சேந்திருக்கவே மாட்டேன். மொதல்ல பாதி தூரம், அப்புறம் மீதில பாதி. கிட்ட வந்துக்கினே இருப்பேன், சேர மாட்டேன். அப்ப எனக்கு ஏன் தினமும் பிரசென்ட் போடறாங்க?"

"இன்னாடி, மேடம்கிட்ட இப்படிப் பேசற?" என்றார் அப்பா.

"நீ சும்மா இரு நைனா. மேடமுக்குப் புரியுது."

புரிந்தது. எங்கள் தலைமை அலுவலகத்தில் கணிதப் பட்டம் பெற்றவர்கள் பலர் இருக்கிறோம். இந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

புதிய செக்ஷன்கள் புதன்கிழமை தொடங்கும். செவ்வாய் காலை ரயில், பாகாலாவுக்கு வெளியே வழக்கம்போல சிக்னலுக்காக நின்றது. நான் வழக்கம்போல மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். ஒன்று, விடை சரியா தவறா என்பதில் சந்தேகம் இல்லை. இரண்டு, கீயைச் சரிபார்ப்பது என் வேலை என்று கணினியே சொல்கிறது. மூன்று, சாருடைய பிட்டை மட்டும் விட்டுவிட வேண்டும் என்பது எந்த உத்தரவிலும் இல்லை. நான்கு, எனக்கு வேலை போகலாம். நான்காவதைப் பற்றி மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிக நேரம் யோசித்தேன். ரயில் கிளம்பியது.

அன்று மதியம் பிரிவுத் தலைவர் ஒரு கிளைக்குப் போயிருந்தார். போவதற்கு முன் கதவருகே நின்று, "ஏம்மா, சித்தூர்ல இருந்து போன் மேல போன் வருது. அந்தப் பிட்டுக்கு போனஸ் போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு பிட்டின் எதிரிலும் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று போனஸ். இன்னொன்று கீ மாற்றம். இரண்டாவதை யாரும் அழுத்தி நான் பார்த்ததில்லை. நான் அதை அழுத்தினேன். காரணம் எழுதும் இடத்தில் கூட்டலை முழுவதுமாக எழுதினேன், வரையறையோடு. தட்டச்சு அக்கா என் திரையைப் பார்த்தார். இந்த முறை கையைத் தொடவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

தரவரிசை மறுபடி கணக்கானது. சித்தூர்க் கிளையில் அந்தப் பெண் முதல் செக்ஷனுக்குள் வந்தாள். அவளுக்கு இடம் விட்டுக் கீழே போனது யார் என்றும் பார்த்தேன். இன்னொரு பெண். ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவள். அவளுக்குக் கடைசி பஸ் பிரச்சினை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பிரிவுத் தலைவர் தெலுங்கில் ஆரம்பித்தார், அறையில் மற்றவர்களும் இருந்ததால். யாரைக் கேட்டு மாற்றினாய் என்றார். கீயைச் சரிபார்ப்பது என் வேலை என்றேன். என் பிட்டைத் தொடக்கூடாது என்று உனக்குத் தெரியாதா என்றார். தெரியும், அது தவறான வழக்கம் என்றேன். மற்றவர்கள் கணினித் திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"திருப்பி மாத்தினா இன்னாகும்னு தெரியுமா? லிஸ்ட்டு பேரன்ட்ஸ் போனுக்கெல்லாம் போய்டுச்சு. ரெண்டு வாட்டி கீ மாறினா நம்ம பேரு இன்னாத்துக்கு ஆவுறது?"

ஆக அந்தப் பெண் முதல் செக்ஷனில் தங்கினாள். அவள் கணக்கு சரி என்பதால் அல்ல. மறுபடி மாற்றினால் நிறுவனத்தின் பெயர் கெடும் என்பதால். எது சரி என்று கடைசிவரை அந்த அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. என் கூட்டலைப் படித்துப் பார்த்து, இந்த வரியில் தப்பு என்று ஒருவர் சொல்லியிருந்தால் நான் சந்தோஷமாகச் சண்டை போட்டிருப்பேன். படித்துத் தோற்பதற்குக்கூட யாரும் தயாராக இல்லை.

அடுத்த வாரம் என்னைக் கீ வேலையிலிருந்து எடுத்து, ஆறாம் வகுப்புப் பயிற்சித்தாள்களுக்கு அனுப்பினார்கள். மாட்டு வண்டிக் கேள்வியைக் கேள்வித் தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். சரியான விடையோடு வைத்திருக்கலாம். நீக்கிவிட்டார்கள். சுவரில் இருக்கும் வாசகம் அப்படியே இருக்கிறது.

சில நாள் கழித்து, சித்தூர் பஸ் நிலையத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மணி ஆறேகால். ஆறரை பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்து, அதைத் தவிர்க்க வேறு ஏதோ பேச ஆரம்பித்தேன். அவள் நன்றி சொல்லவில்லை.

"மேடம், எனக்கு பதிலா கீழ போனது என் பிரெண்டு."

"அப்படியா?"

"அவ அ போட்டிருந்தா. ஏண்டி அதப் போட்டன்னு கேட்டேன். கிளாஸ்ல அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்கன்றா. சுவத்துல கூட எழுதிக் கீதே, அத்தப் பாத்துத்தான் போட்டேன்றா." சற்று நிறுத்திவிட்டு, "அழுவுறா மேடம்" என்றாள்.

அவள் தோழி செய்த குற்றம், சொல்லிக்கொடுத்ததை நம்பியது. சுவரில் அதை ஒட்டியவருக்கு ஒரு மதிப்பெண்ணும் குறையவில்லை.

"அடுத்த தடவ கலைக்கறப்போ கீ யாரு பாப்பாங்க மேடம்? நீங்களா?"

"இல்லை. என்னை ஆறாங் கிளாஸ் தாளுக்கு மாத்திட்டாங்க."

"அப்போ இந்த மாதிரி வந்தா நா எதப் போடறது? சரியானதையா, சார் சொன்னதையா?"

பதினேழு வயதுப் பெண். கணக்கில் சந்தேகம் இல்லாதவள். விடையைக் குறிப்பதற்கு முன் கடைசி பஸ்ஸையும் வீட்டில் தனியாக இருக்கும் குழந்தையையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது அவளுக்கு. சரியானதைப் போடு என்று சொல்வது எனக்குச் சுலபம். நான் ரயிலில் வீட்டுக்குப் போய்விடுவேன்.

இருந்தாலும் வேறு எதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சரியானதைப் போடு. தப்புன்னு வந்தா எனக்கு அனுப்பு."

பஸ் வந்து நின்றது. அவள் புத்தகப் பையை முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து படியில் ஏறினாள். ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கதான் ஆறாங் கிளாசுக்குப் போய்ட்டீங்களே மேடம்" என்றாள். "யாருக்கு அனுப்பறது?"